பிளைவீலின் அடியில் பிறக்கும் பொறி

கூவத்தின் கரையில் வேதபுரீசுவரர் ஆலயத்தையும் கருமாரியம்மன் சந்நிதியையும் நாடி வரும் பக்தர்களால் எந்நாளும் கலகலப்பாக இருக்கும் திருவேற்காட்டில், கடலில் ஓடும் படகின் யந்திரத்தைப் பற்றிப் பேச என்ன அவசியம் நேர்ந்தது என்று வாசகர் கேட்கக்கூடும். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள்ளேயே மீனவர்களின் படகுகள் வந்து மனிதர்களைக் கரை சேர்த்ததைக் கண்ட பிறகு, படகு என்பது கடலோரத்தாருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நாம் எண்ணுவதற்கில்லை. அதைக் காட்டிலும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு: பழைய படகு யந்திரத்தில் நெருப்புப் பொறியைப் பிறப்பிக்கும் அமைப்பு, நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் பம்புசெட்டிலும் மொபெட்டிலும் கையாண்டு பழகிய அமைப்பேயாகையால், பழவேற்காட்டிலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ ஒரு பழைய வெளிப்பொருத்து (அவுட்போர்டு) யந்திரம் இப்பக்கம் வந்து சேர்ந்தால், அலையையே பார்த்திராத மெக்கானிக்கும் அதைத் தைரியமாகத் திறக்கலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த உறவு தற்செயலானதன்று. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலி எவின்ரூட் 1909-ல் தம் படகு யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும், இங்கிலாந்தில் 1931 முதல் பல தசாப்தங்கள் தயாரான பிரிட்டிஷ் சீகல் யந்திரங்கள் புகழ் பெற்றபோதும், பாட்டரியின் துணையின்றித் தானே மின்சாரத்தை உற்பத்தி செய்துகொள்ளும் மேக்னெட்டோவே அவற்றுக்கு உயிர்நாடியாக இருந்தது. உயர் அழுத்த மேக்னெட்டோவை ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்டு 1902-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார். சீகல் யந்திரங்கள் பலவற்றில் இருந்தது வில்லியர்ஸ் கம்பெனியின் பிளைவீல் மேக்னெட்டோ. அதே வில்லியர்ஸ் கம்பெனியின் யந்திரங்களைத்தான், 1955-ல் புல்லட் வண்டிக்காகச் சென்னையில் உருவாகித் திருவொற்றியூரில் ஆலை எழுப்பிய என்ஃபீல்ட் இந்தியா, உரிமம் பெற்று நம் விவசாயிகளுக்கு அளித்தது. 1961-ல் தொடங்கி வாகன மின்சாதனங்களையே தொழிலாகக் கொண்ட லூகாஸ் டிவிஎஸ் அமைந்திருக்கும் பாடியோ திருவேற்காட்டுக்கு வெகு அருகில் இருக்கிறது.

பொறி பிறக்கும் விதத்தை அறிந்தவனுக்குப் பாதி நோய் விளங்கிவிடும். பிளைவீலில் பதித்த காந்தம், அதன் அடியில் அசையாமல் இருக்கும் காயிலைக் கடந்து சுழல்கையில், சில நூறு சுற்றுகளே உள்ள தடித்த கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. அது உச்சத்தை எட்டும் கணத்தில் பாயிண்ட் எனும் தொடுமுனை திறந்து ஓட்டத்தைத் துண்டிக்கிறது. அயனம்பாக்கம் ஏரியின் மதகைத் திடீரென்று அடைத்தால் ஓடி வந்த நீர் மோதி எகிறுவதுபோல, துண்டிக்கப்பட்ட அந்த ஓட்டத்தின் வேகம், அதே காயிலில் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டையும் தாண்டிய அழுத்தமாக எழுந்து, பிளக்கின் இடைவெளியைத் தாவுகிறது. பாயிண்ட் திறக்கும் இடத்திலேயே மின்சாரம் தாவி வீணாகாதபடி அதைத் தன்னுள் வாங்கிக்கொள்வது கண்டென்சர். இவ்வளவும் சுழற்சியின் வேகத்தால் விளைவதாகையால், யந்திரத்தைக் கிளப்பும் கயிற்றைத் தயங்கித் தயங்கி இழுப்பவர்க்கு நல்ல யந்திரமும் பொறி தராது.

யந்திரம் கிளம்ப மறுத்தால், பாயிண்டையும் கண்டென்சரையும் காயிலையும் ஒருசேர வாங்கிவந்து மாட்டிப் பார்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அது பணத்துக்கும் கேடு, அறிவுக்கும் கேடு. பழைய யந்திரத்துக்குப் புதிய சாமான் கிடைப்பதே அரிதாயிருக்க, நன்றாக இருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரமற்றதை மாட்டியவர் உண்மையான பழுதை அதன்பின் கண்டுபிடிப்பது வெகு பிரயாசை. பொறி முடியும் இடமாகிய பிளக்கில் தொடங்கி, அது பிறக்கும் இடமாகிய காந்தம் வரைக்கும் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்வதே முறையான வழி.

பிளக்கைக் கழற்றினால் அது தானே சாட்சி சொல்லும்: பெட்ரோலில் நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, பொறி இல்லை, உலர்ந்திருந்தால் பழுது வேறிடத்தில், அதாவது கார்புரேட்டரிலோ எண்ணெய்க் குழாயிலோ இருக்கிறது. பிறகு, பிளக்கை அதன் கம்பியோடு பொருத்தி, உடலை யந்திரத்தின் இரும்பில் நன்கு படியவைத்து, கயிற்றை விரைவாக இழுத்து, நீல நிறத்தில் சடசடவென்று பொறி வருகிறதா என்று நிழலான இடத்தில் பார்க்க வேண்டும். பிளக் இருந்த துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வெளிப்படுமாதலால், பொறியை அதன் அருகே காட்டலாகாது என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு சிலிண்டர் உள்ள யந்திரமானால் இரு பிளக்குகளையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றம் பிளக்கினுடையது.

பொறி இல்லையென்றால், பிளைவீலைத் தொடுமுன் யந்திரத்தை நிறுத்தும் ஸ்விட்சின் கம்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பது விவேகம். மேக்னெட்டோ யந்திரத்தை நிறுத்துவதென்றால் மின்சாரத்தை அதன் உடலில் எர்த் செய்துவிடுவதுதான். உப்புக்காற்றில் தோல் உரிந்த கம்பி எங்கேனும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஸ்விட்சை எவரும் அமுக்காமலே யந்திரம் நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. பிளக்குக்குச் செல்லும் கனத்த கம்பியில் வெடிப்பு உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இனி பாயிண்ட். பழுதுகளில் பெரும்பாலானவை இங்கேதான் குடியிருக்கின்றன. பல மாதம் ஓடாமல் கிடந்த யந்திரத்தில், பாயிண்டின் முகங்கள் கண்ணுக்கு மாசற்றவையாகத் தோன்றினாலும், அவற்றின்மேல் படர்ந்த மெல்லிய களிம்பு மின்சாரத்தை அடியோடு தடுத்துவிடும். நயமான எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, பின்னர் சுத்தமான அட்டைத் துண்டை இடையில் வைத்து இழுத்துத் துகளையும் பிசுக்கையும் அகற்றினால், செத்ததாக ஒதுக்கப்பட்ட யந்திரங்கள் எத்தனையோ உயிர்த்தெழும். பாயிண்ட் அதிகபட்சம் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். பழைய ஜான்சன், எவின்ரூட் யந்திரங்களில் அது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் பொறி உரிய காலத்துக்கு முன்பும், குறைந்தால் தாமதித்தும் பிறக்கும். சுத்தம் செய்த சில நாட்களிலேயே மீண்டும் எண்ணெய் படிந்தால், தண்டின் சீல் தேய்ந்து கசிகிறதென்று அர்த்தம். முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தால் சந்தேகம் கண்டென்சரின்மேல் செல்ல வேண்டும்.

காயிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்தான் அனுபவசாலிகளும் இடறுகிறார்கள். மீட்டரில் சரியான எண்ணைக் காட்டி, குளிர்ந்த நிலையில் யந்திரத்தைக் கிளப்பியும் விடுகிற காயில், கால்மணி ஓட்டத்தில் சூடேறியதும் பொறியைக் கைவிட்டு, ஆறியபின் ஒன்றுமறியாததுபோல் மீண்டும் வேலை செய்யும். நடுக்கடலில் நின்று, கரைக்கு இழுத்துவந்ததும் ஓடுகிற யந்திரத்தின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். ஆகவே சூடேறிய நிலையிலும் காயிலைச் சோதிப்பது அவசியம். பருத்தித் துணியும் வார்னிஷும் சுற்றிய பழைய காயில்கள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையவை. சில நாட்கள் மிதமான வெயிலில் உலர்த்தியபின் பொறி திரும்பினால் அந்தக் காயிலை எறிய வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஒழுங்காக இருந்தும், யந்திரம் கயிற்றை வெடுக்கென்று திருப்பி இழுத்தால், பிளைவீலைத் தண்டோடு இணைக்கும் சிறு சாவியைப் பார்க்க வேண்டும். நட் தளர்ந்திருந்த காலத்தில் அது பாதி அறுந்து, பிளைவீல் சற்றே நகர்ந்திருக்கும், டைமிங் பிசகியிருக்கும். பிளைவீலைக் கழற்றுவதற்கு அதற்குரிய புல்லரே தேவை. ஓரத்தில் சுத்தியலால் அடிப்பது காந்தத்தின் வலிமையைக் குறைத்துவிடும், வார்ப்பும் உடையலாம்.

பூட்டி முடித்ததும் யந்திரத்தை வெறும் காற்றில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பி, அதன் கீழ்ப்பகுதி முழுதும் மூழ்குமாறு மாட்டி, குளிர்விக்கும் நீர் வெளியே வருவதை உறுதி செய்துகொண்ட பிறகு, அரைமணி நேரம் இடைவிடாமல் ஓடவிட வேண்டும். சூட்டில் மட்டும் வெளிப்படும் காயிலின் நோய் இருக்குமானால், அது கரையிலேயே, அந்த அரைமணிக்குள் வெளிப்பட்டுவிடும்.