பொம்மை சைனாவா, ஜப்பானா? ஊர் பேரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை:-

"இது சைனா பீசா?"

பாரிமுனை பக்கம் பிள்ளைகளுக்கு பொம்மை வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "ஆமாம்" என்றால் பாதி விலைக்கு கேட்பார்கள். "இல்லீங்க, நம்ம ஊர் சரக்கு" என்றால் நம்பாமல் பெட்டியை திருப்பித் திருப்பி பார்ப்பார்கள்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. 1960-களில் பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கடை போட்டு உருவானது ராஜாஜி சாலை பர்மா பஜார். அங்கே வாங்கிய வாட்ச், டேப்ரிக்கார்டர், சென்ட் பாட்டில் எல்லாம் 'பாரின் சரக்கு'. ஜப்பான் என்று எழுதி இருந்தால் போதும், பில் கூட கேட்க மாட்டார்கள்.

ஆக, ஊர் பேரை பார்த்து பொருள் வாங்குவது நமக்கு புதுசு இல்லை. ஆனால் அந்த ஊர் பேர் உண்மையில் என்ன சொல்கிறது? எங்கே செய்தது என்று பார்த்துத்தான் வாங்கணுமா? இதோ விவரம்:-

உலகத்தை உலுக்கிய பொம்மை

2007-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பார்பி பொம்மை தயாரிக்கும் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம், சீனாவில் செய்த பொம்மைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மொத்த எண்ணிக்கை ஒரு கோடியை தாண்டியது. பெற்றோர் மத்தியில் இது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.

காரணம் இரண்டு. ஒன்று, சில பொம்மைகளின் பெயிண்டில் ஈயம் அதிகமாக இருந்தது. பொம்மையை வாயில் வைக்கும் குழந்தையின் உடம்புக்குள் ஈயம் போனால் மூளை வளர்ச்சியை பாதிக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லும் அளவே ஈயத்துக்கு கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொன்று காந்தம். பொம்மையில் இருந்து சின்னச்சின்ன காந்தங்கள் கழன்று விழுந்தன. குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கி விட்டால், வயிற்றுக்குள் அவை ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு குடலில் ஓட்டை போட்டு விடும்.

'பார்த்தீங்களா, சைனாக்காரன் வேலை' என்றுதான் உலகமே பேசியது. ஆனால் அடுத்த மாதமே மேட்டல் நிறுவன அதிகாரி சீனாவுக்கே போய் மன்னிப்பு கேட்டார். திரும்பப் பெற்ற பொம்மைகளில் பெரும்பாலானவை காந்தப் பிரச்சினை உள்ளவை. அந்த குறை டிசைனில் இருந்தது. டிசைன் செய்தது தங்கள் நிறுவனம்தான், சீனத் தொழிற்சாலை மீது தவறு இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

பெயிண்டில் ஈயம் கலந்தது தயாரிப்பில் நடந்த தவறு. காந்தம் கழன்றது அமெரிக்காவில் போட்ட டிசைனில் இருந்த தவறு. பெட்டியில் இருந்த ஊர் பேர் என்னவோ ஒன்றுதான்.

ஒரு பொருள், பல நாடு

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பொருள் முழுக்க முழுக்க ஒரே நாட்டில் தயாராவது குறைவு.

நம்ம ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகிறது. ஆனால் அதன் மூளையான சிப் தைவானில் செய்தது. டிசைன் அமெரிக்காவில் போட்டது. கடைசியில் பொருத்தி முடித்த இடம் என்ற கணக்கில் அது இந்திய தயாரிப்பு.

பொம்மை காரும் அப்படித்தான். பிளாஸ்டிக் உடம்பு இங்கே செய்ததாக இருக்கும். உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் வேறு நாட்டில் இருந்து வந்திருக்கலாம். பெட்டி மேலே ஒரே ஒரு ஊர் பேர்தான் இருக்கும்.

பார்கோடு புரளி

'பார்கோடு 890 என்று ஆரம்பித்தால் இந்தியா, 690 முதல் 699 வரை என்றால் சீனா. பார்த்து வாங்குங்கள்' என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வருகிறது. இதை நம்பி கடையில் பார்கோடை படித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

இது பாதி உண்மைதான். அந்த முதல் 3 எண்கள், பார்கோடு வாங்கிய கம்பெனி எந்த நாட்டில் பதிவு செய்தது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே செய்தது என்பதை காட்டாது. இந்தியாவில் பதிவு செய்த ஒரு கம்பெனி சீனாவில் செய்து இறக்கிய பொருளுக்கும் 890 என்றே இருக்கலாம்.

எங்கே செய்தது என்று தெரிய வேண்டுமானால் லேபிளை படிப்பது ஒன்றே வழி. இறக்குமதி ஆகும் பாக்கெட் பொருட்களில் எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆன்லைனில் விற்பவர்களும் தயாரான நாட்டை காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி 1-ந்தேதி முதல் அமலில் இருக்கிறது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை எதற்கு?

பொம்மை விஷயத்தில் ஊர் பேரை விட முக்கியமானது ஐ.எஸ்.ஐ. முத்திரை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1-ந்தேதி முதல் இது கட்டாயம். இங்கே செய்தாலும் சரி, சீனாவில் செய்து கப்பலில் வந்தாலும் சரி, இரண்டுக்கும் ஒரே விதிதான். ஈயம் இருக்கிறதா, சின்ன பாகங்கள் கழன்று வருகிறதா, கூர்மையான முனை இருக்கிறதா என்றெல்லாம் சோதித்த பிறகே முத்திரை கிடைக்கும்.

பதிவு செய்த கைவினைக் கலைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர் பொம்மை மாதிரி புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. அதனால் தலையாட்டி பொம்மையில் முத்திரையை தேட வேண்டாம்.

முத்திரை இல்லாத சரக்கு பிளாட்பாரத்தில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் இந்திய தர நிர்ணய அமைப்பு (பி.ஐ.எஸ்.) நாடு முழுவதும் சோதனை நடத்தியபோது, பெரிய மால்களிலும் விமான நிலைய கடைகளிலும் கூட ஐ.எஸ்.ஐ. இல்லாத பொம்மைகள் சிக்கின.

முத்திரைக்கு கீழே 'சி.எம்./எல்' என்று ஆரம்பிக்கும் லைசென்ஸ் எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் ஆப்பில் அந்த எண்ணை போட்டால், அது உண்மையா போலியா என்று வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்து கொள்ளலாம். காசு செலவில்லை.

யாரை பிடிப்பது?

பொம்மையில் இருந்து பொத்தான் பேட்டரி கழன்று குழந்தை விழுங்கி விட்டது என்று வைத்துக்கொள்வோம். தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்து விடக்கூடிய ஆபத்து அது. முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிறகு யாரிடம் கேட்பது?

சீனாவில் உள்ள தொழிற்சாலை மீது இங்கே இருந்து நாம் கேஸ் போட்டு ஜெயிப்பது நடக்கிற காரியம் இல்லை. அங்கேதான் இறக்குமதி செய்தவரின் முகவரி உதவிக்கு வருகிறது. பெட்டியில் அது இருந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார்.

முகவரியே இல்லை என்றால்? 2020 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் ஒரு வழி சொல்கிறது. தயாரித்தவர் யார் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியவில்லை என்றால், விற்ற கடைக்காரரே பொறுப்பு. ஆனால் அவரிடம்தான் வாங்கினோம் என்று காட்ட பில் வேண்டுமே! '50 ரூபாய் பொம்மைக்கு போய் பில்லா?' என்று கூச்சப்படுகிறோம். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நுகர்வோர் கோர்ட்டில், பொருளுக்கு கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனு செய்ய கட்டணம் இல்லை. அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்து பார்க்கலாம்.

தீப்பெட்டியா, லைட்டரா?

அப்படின்னா ஊர் பேரை பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும். அதற்கு காரணம் தரம் இல்லை, வயிற்றுப்பாடு.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் பகுதிகளில் தீப்பெட்டி தொழிலை நம்பி இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 14 வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-ந்தேதிதான் 2 ரூபாய் ஆனது. ஒரு 10 ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் 20 தீப்பெட்டியின் வேலையை செய்து விடுகிறது. அதை தடை செய்ய வேண்டும் என்று 2022 செப்டம்பரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் மத்திய அரசுக்கு கடிதம் எழுதினார்.

20 ரூபாய்க்கும் குறைவான இறக்குமதி மதிப்பு கொண்ட சிகரெட் லைட்டர்களுக்கு 2023 ஜூனில் தடை வந்தது. லைட்டர் உதிரி பாகங்களை கொண்டு வரவும் 2024 அக்டோபரில் தடை போட்டார்கள்.

கடையில் லைட்டருக்கு பதில் தீப்பெட்டி கேட்கும்போது, அந்த 2 ரூபாய் எந்த ஊருக்கு போகிறது என்பது நமக்கு தெரியும். ஊர் பேருக்கு உண்மையான மதிப்பு அங்கேதான்.

ஆனால் உள்ளூர் சரக்கு என்றாலே எல்லாம் சுத்தம் என்றும் இருந்து விடக்கூடாது. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு தொழிலில் குழந்தைகள் வேலை பார்த்தது சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது யாருக்கும் மறந்திருக்காது. நம்ம ஊர் என்றாலும் கேள்வி கேட்க வேண்டும்.

கடைக்கு போகும்போது...

* பொம்மை என்றால் முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, லைசென்ஸ் எண் பாருங்கள்.

* வெளிநாட்டு சரக்கு என்றால் நாட்டின் பெயரோடு இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லாத பெட்டியை விலை குறைவு என்று தொடாதீர்கள்.

* பேட்டரி போடும் மூடி ஸ்குரு போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் வேண்டாம்.

* எவ்வளவு சின்ன தொகையாக இருந்தாலும் பில் வாங்குங்கள்.

இனிமேல் "இது சைனா பீசா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "ஏதாவது ஆச்சுன்னா யாருப்பா பொறுப்பு?" என்றும் கேளுங்கள். அதற்கு பெட்டியில் பதில் எழுதி இருந்தால், அது எந்த நாட்டு சரக்காக இருந்தாலும் பிள்ளை கையில் தைரியமாக கொடுக்கலாம்.