பாஸ் வேறு, இருக்கை வேறு
நம் பிள்ளைகள் குழுவாக ஐரோப்பாவை ரயிலில் சுற்றிவர யூரெயில் பாஸ் வசதியானது. 27 வயது வரை சலுகை விலை உண்டு. ஆனால் பாஸ் இருந்தாலே இடம் கிடைத்துவிடாது. யூரோஸ்டாரிலும் பிரான்ஸின் டி.ஜி.வி. வண்டிகளிலும் தனிக் கட்டணம் கட்டி இருக்கை பதிவு செய்தாக வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களோ குறைவு. பதினைந்து பேரும் ஒரே வண்டியில் போக, தேதிகளை முதலில் முடிவு செய்யுங்கள்.

பாரிஸில் பெரிய நிலையங்கள் பல. லண்டன் வண்டி வந்து நிற்பது கார் து நோர் நிலையம். ஜூரிக் வண்டி புறப்படுவது கார் த லியோன் நிலையம். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் வண்டி பிடிப்பது போலத்தான். இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது. அதற்குத் தனி விசா வேண்டும். பாரிஸிலிருந்து லண்டன் போய் மீண்டும் ஐரோப்பா திரும்புவதானால், ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இல்லையேல் பிள்ளைகள் லண்டனிலேயே நிற்க நேரிடும்.