எண்ணெய் தின்னும் தரை

மழை விட்டதும் வாகன நிறுத்துமிடத்தில் தேங்கிய நீரின் மேல் வானவில் நிறங்கள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிகளிலிருந்து சொட்டிய இன்ஜின் ஆயில் அது. அந்தப் படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், ஒரு சொட்டே வெகுதூரம் பரவிவிடும். தார்த்தரையில் விழுந்தால் மழைநீர் அதை வடிகாலுக்கு இழுத்துச் செல்லும், அங்கிருந்து ஆற்றுக்கு.

அந்தச் சொட்டைத் தரையே உண்டு செரித்துவிட முடியும்.

பிரிட்டனின் நாட்டிங்ஹாம் நகரில், கிறிஸ் பிராட் என்ற பொறியாளர் 1986-இல் ஒரு கல்லூரி வளாகத்து வாகன நிறுத்துமிடத்தை நீர் உள்ளிறங்கும் தரையாக அமைத்தார். மேலே நீர் புகும்படியான கான்கிரீட் கற்கள், அடியில் செயற்கை இழைத் துணி, அதற்கும் கீழே கற்படுகை. படுகையை நான்காகப் பிரித்து சரளை, கிரானைட், சுண்ணாம்புக்கல், இரும்பு உலைக் கசடு என ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை நிரப்பினார். ஆலைக் கழிவான கசடும் அன்றே இயற்கைக் கல்லுக்குச் சமமாகச் சோதனைக்கு வந்துவிட்டது.

பின்னர் கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் அவரும் சக ஆய்வாளர் ஆலன் நியூமன் உள்ளிட்டோரும் இத்தகைய தரையின் மாதிரியை ஆய்வகத்தில் கட்டி, அதன்மேல் தொடர்ந்து எண்ணெய் விட்டு, செயற்கை மழை பொழிந்தார்கள். 1999-இல் வெளியான முடிவு வியப்பளித்தது: ஊற்றிய எண்ணெயில் வெறும் 2.4 சதவீதமே நீரோடு வெளியே வந்தது.

மீதி எங்கே போனது? இழைத் துணியை நுண்ணோக்கியில் பார்த்தால் விடை தெரியும். இழைகளில் எண்ணெய் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தின்னும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வழவழப்பான படலமாக இழைகளைப் போர்த்துகின்றன. அந்த பாக்டீரியாவை அதைவிடப் பெரிய ஒருசெல் உயிரிகள் மேய்ந்து, படலம் தடித்துத் துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்கின்றன. எண்ணெயில் கார்பன் மிகுதி. நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாது. ஆகவே மெல்லக் கரையும் உரத்தை ஆய்வாளர்கள் சேர்த்தார்கள். கற்களின் இடுக்குகளில் காற்று நிறைந்திருப்பதால் உயிர்வளிக்குக் குறைவில்லை. எண்ணெயின் பெரும்பகுதி கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைகிறது.

இந்த உயிர்களுக்கு வேண்டியது சொரசொரப்பான, ஈரம் தங்கும் பரப்பு. அதற்கு மலையை வெட்டித்தான் கல் எடுக்க வேண்டும் என்பதில்லை. இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டையும் செங்கலையும் உடைத்துச் சலித்தாலே போதும். செங்கலின் நுண்துளைகள் எண்ணெயையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

ஆனால் எந்தக் கழிவும் பரிசோதனையின்றி மண்ணுக்குள் போகக்கூடாது. உடைத்த கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையைக் கூட்டும். டயர்த் துகள் எண்ணெயை நன்றாக உறிஞ்சும். ஆனால் துத்தநாகத்தைக் கசியவிடும். டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உருவாகும் நஞ்சுதான், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது என்று 2020-இல் கண்டறிந்தார்கள்.

இந்தத் தரைக்கும் எல்லை உண்டு. சொட்டுச் சொட்டாக விழுவதைச் செரிக்கும். டேங்கர் கவிழ்ந்து கொட்டினால் தாங்காது. இடுக்குகளில் வண்டல் அடைத்தால் நீர் இறங்காது, ஆகவே அவ்வப்போது உறிஞ்சித் துப்புரவு செய்தாக வேண்டும். கசிவைச் சோதித்துத் தேர்ந்த கழிவும் முறையான பராமரிப்பும் இருந்தால், ஒவ்வொரு வாகன நிறுத்துமிடமும் ஆற்றைக் காக்கும் சுத்திகரிப்பு நிலையமாகும்.