சாளரத்தில் அடங்காத பட்டியல்

பள்ளி நூலகத்திற்காக மாணவி ஒருத்தி பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 60 நூல்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. அவற்றிற்கும் கீழே ‘சேமி’ என்னும் பொத்தான் இருக்கிறது. மொத்த உயரம் 1200 பிக்சல். வீட்டிலுள்ள பெரிய திரையில் அனைத்தும் தெரிகின்றன. ஆனால், பள்ளி மடிக்கணினியின் திரை உயரமோ 768 பிக்சல்தான். அங்கே ‘சேமி’ பொத்தான் திரையின் விளிம்புக்குக் கீழே மறைந்துவிடுகிறது. நிரலில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் நூலகரால் ஒரு பதிவைக்கூடச் சேமிக்க முடியாது.

இதற்குத் தீர்வு உருள்பட்டை. சாளரத்தின் வலது ஓரத்தில் காணப்படும் மெல்லிய பட்டை அது. அது செயல்படும் முறையை அறிய, ஓர் அட்டையின் நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதை நாளிதழின்மீது வைத்துப் பாருங்கள். அட்டையை அசைக்காமல் நாளிதழை மேலே இழுத்தால், கீழுள்ள செய்திகள் ஓட்டையில் தோன்றும். சாளரம் என்பது அந்த ஓட்டையே. பட்டையிலுள்ள கட்டையைக் கீழே இழுக்கும்போது பட்டியல் மேலே போவதும் இதனால்தான். தொடுதிரையில் விரல் தாளையே தள்ளுவதால் திசை மாறுகிறது. 2011இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளிலும் இந்தத் திசையையே இயல்பாக்கியபோது, பழகிய கைகள் சற்றுத் தடுமாறின.

கட்டையின் நீளத்திற்கும் பொருள் உண்டு. 1200 பிக்சல் பட்டியலில் 600 பிக்சல் மட்டும் தெரிந்தால், கட்டை பட்டையில் பாதியளவு இருக்கும். பட்டியல் நீள நீளக் கட்டை சிறுக்கும்.

பைத்தானின் ‘டிகின்டர்’ கருவித்தொகுப்பில் பொருள்களை அடுக்கிவைக்கும் ‘ஃபிரேம்’ தானாக உருளாது, ‘கேன்வாஸ்’ உருளும். எனவே, ஃபிரேமைக் கேன்வாஸின் உள்ளே வைத்து, கேன்வாஸையும் உருள்பட்டையையும் இணைக்க வேண்டும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். உருட்டவேண்டிய மொத்தப் பரப்பு எவ்வளவு என்பதையும் கேன்வாஸிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், கட்டை பட்டை முழுவதையும் அடைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஒருமுறை தெரிவித்தாலும் போதாது. புதிய நூல் சேரும்போதெல்லாம் உயரம் கூடுகிறது. அந்தப் புதிய அளவையும் தெரிவிக்க வேண்டும். இல்லையேல், 61ஆவது நூல் சேர்ந்த அன்றே ‘சேமி’ பொத்தான் மீண்டும் எட்டாத இடத்திற்குப் போய்விடும்.