ஒரு சரித்திரம் ஒலிநூலாகும் முறை

ஒலிநூலாக வாசிப்பதற்குக் கடினமான வாழ்க்கை வரலாறு ஒன்றைச் சொல்லச் சொன்னால், உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றி 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திர’த்தைச் சொல்வேன். அதில் உரைநடைக்கு நடுவே செய்யுளும் கடிதமும் உரையாடலும் மாறிமாறி வருகின்றன. அதை வைத்தே வேலையின் வரிசையைப் பார்க்கலாம்.

முதலில் நூல் முழுவதையும் பென்சிலோடு மௌனமாகப் படிக்க வேண்டும். ஊர், மடம், பிரபந்தம் ஆகியவற்றின் பெயர்களுக்குத் தனிப் பட்டியல். 1815 போன்ற ஆண்டுகளை எப்படி உச்சரிப்பது என்பதை ஓரத்தில் எழுத்தால் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது மேற்கோள்கள். வேலையின் உயிர்நாடி இங்கேதான். தமிழில் மேற்கோளை முடிக்கும் ‘என்று’ கடைசியில் வருகிறது. கண் மேற்கோள்குறியைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. பேசுகிறவர் நூலாசிரியரா, பிள்ளையவர்களா என்பது வாக்கியம் முடியும்வரை தெரியாது. ஆகவே மேற்கோளுக்கு முன் அரை மூச்சு நிறுத்தி, முதற்சொல்லில் சுருதியைச் சற்றே ஏற்றி, ‘என்று’ வந்ததும் பழைய சுருதிக்கு இறங்க வேண்டும். குரலையே மாற்றி நடித்தால் சரித்திரம் வானொலி நாடகமாகிவிடும்.

பின்பு, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். ஐயர் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தது 1871இல். அதற்கு முந்தியவை அவர் கேட்டறிந்தவை. பிந்தியவற்றுள் பல கண்ணால் கண்டவை. முன்னதைச் சீரான நடையிலும், பின்னதைச் சற்று நெருங்கிய குரலிலும் வாசிப்பது பொருந்தும். 1876இல் பிள்ளையவர்கள் மறையும் பகுதிக்கு வேகத்தைக் குறைத்தால் போதும், குரலில் சோகம் பூச வேண்டியதில்லை.

செய்யுட்களைப் பொருள் விளங்கப் பிரித்து, ஓசை கெடாமல் சொல்ல வேண்டும். இராகத்தில் பாடினால் கேட்பவர் கவனம் பாடகரிடம் போய்விடும் என்பது என் கட்சி.

பிறகு பதிவு. மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்தி, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, முன்னால் காற்றுத்தடுப்பு வலையைப் பொருத்துவார்கள். அறையின் வெறும் அமைதியையும் அரை நிமிடம் பதிந்துகொள்வார்கள். வாசிப்புப் பிழைத்தால் சில நொடி பின்னே போய்க் கேட்டு, அந்த இடத்திலிருந்தே தொடர்வார்கள். இதைப் ‘பஞ்ச்’ என்பது வழக்கம். மறுநாள் தொடங்குமுன் முந்தைய நாளின் கடைசிப் பத்தியைக் கேட்டுச் சுருதி சேர்த்துக்கொள்வதும் உண்டு.

முடிந்ததும் வேறொருவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்பார். பிழைகள் அதே மைக்கில், அதே தூரத்தில் மறுபதிவாகும். வெட்டிய இடைவெளிகளில் பதிந்து வைத்த அறையமைதியை நிரப்புவார்கள். கடைசியாக ஒலியளவு. ஏசிஎக்ஸ் என்னும் ஒலிநூல் தளம் வகுத்த அளவுகளின்படி சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடைப்பட்ட டெசிபல், உச்சம் மைனஸ் 3க்குள், பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழ். ஒவ்வோர் அத்தியாயமும் தனிக் கோப்பு.

ஒலிநூல் வாங்குமுன் மாதிரியைக் கேட்பவர்கள், கடிதமோ உரையாடலோ வரும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். வாசித்தவரின் தரம் அங்கே தெரிந்துவிடும்.