திருவண்ணாமலையில் நாச்சோஸ்: நல்ல தட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரிவலம் முடிச்சு வந்து உட்கார்ந்ததும் பசங்க கேட்பது இட்லி, பொங்கல் மட்டும் இல்லை. பீட்சா, மோமோஸ் வரிசையில் இப்போது நாச்சோஸும் சேர்ந்துவிட்டது. சினிமா தியேட்டரிலும் மாலிலும் பழகிய ருசியை ஊருக்கு வந்த இடத்திலும் தேடுகிறார்கள். ஆனால், 'நாச்சோஸ்' என்ற ஒரே பெயரில் ஒரு கடையில் வருவது ஒன்று, பக்கத்துக் கடையில் வருவது வேறொன்று. சில இடங்களில் சீஸ் உருகி மணக்கும். சில இடங்களில் நமத்துப்போன சிப்ஸ் மேல் மஞ்சள் சாஸ் மட்டும் இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? காசு கொடுப்பதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்? சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுபவர்கள் என்ன கேட்க வேண்டும்?

முதலில், நாச்சோஸ் என்றால் என்ன?

மக்காச்சோள மாவில் செய்த மெல்லிய ரொட்டியை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, மேலே சீஸ் தூவி உருக்கி, ஊறவைத்த மிளகாய்த் துண்டுகளை வைத்தால் அதுதான் நாச்சோஸ். இதைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுபவர் இக்னாசியோ அனாயா. மெக்சிகோவின் எல்லை நகரமான பியெத்ராஸ் நெக்ராஸில் 'விக்டரி கிளப்' என்ற உணவகத்தில் வேலை பார்த்தவர். ஸ்பானிய மொழியில் இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் 'நாச்சோ'.

1943-ல், எல்லைக்கு அந்தப் பக்கம் டெக்சாஸின் ஈகிள் பாஸில் இருந்து அமெரிக்க ராணுவ வீரர்களின் மனைவிமார் சிலர் சாப்பிட வந்தார்கள். சமையல்காரரைக் காணோம். அனாயாவே அடுப்படிக்குள் போய், கையில் கிடைத்த பொரித்த சோள ரொட்டித் துண்டுகள் மேல் சீஸைத் துருவிப் போட்டு, சூடாக்கி, மிளகாய் வைத்துக் கொடுத்தார். அவர் பெயரே பதார்த்தத்துக்கும் பெயரானது. இன்றும் அக்டோபர் 21-ஐ நாச்சோஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அப்புறம் எப்படி 'மஞ்சள் சாஸ்' வந்தது?

1976-ல் ஃபிராங்க் லிபெர்ட்டோ என்ற வியாபாரி, டெக்சாஸின் ஆர்லிங்டன் பேஸ்பால் மைதானத்தில் நாச்சோஸை விற்க ஆரம்பித்தார். மைதானத்தில் ஒவ்வொரு தட்டையும் அடுப்பில் வைத்துச் சீஸ் உருக்கிக்கொண்டிருந்தால் வரிசை நகராது. எனவே ஊற்றிக் கொடுக்கிற மாதிரி சீஸ் சாஸ் தயாரித்தார். சிப்ஸைத் தட்டில் போடு, சாஸை ஊற்று, மிளகாயை வை, அடுத்த ஆளைக் கூப்பிடு. அவ்வளவுதான்.

சாதாரண சீஸை உருக்கினால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தனியாகவும் புரதம் கட்டியாகவும் பிரியும். இதைத் தடுக்க சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்ப்பார்கள். இவை சீஸில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புரதம் இளகி, கொழுப்போடு சேர்ந்தே இருக்கும். சாஸ் வழவழவென்று ஓடுவது அதனால்தான். பாக்கெட்டில் 'ஐ.என்.எஸ். 331' என்று இருந்தால் அது சோடியம் சிட்ரேட்தான். அனுமதிக்கப்பட்ட பொருள், பயப்பட ஒன்றுமில்லை.

ஆக, உலகம் முழுக்க நாச்சோஸில் இரண்டு ரகம் உண்டு: அனாயா ரகம், அதாவது சீஸை உருக்கிச் சூடாகத் தருவது. இன்னொன்று மைதான ரகம், அதாவது சாஸ் ஊற்றித் தருவது. நம் ஊர் தியேட்டர்களில் பெரும்பாலும் பார்ப்பது இரண்டாவது ரகம். மெனுவில் எந்த ரகம் என்று எழுதியிருக்காது, கேட்டால்தான் தெரியும்.

சிப்ஸின் ரகசியம் சுண்ணாம்பில்

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் ஊருக்கு இந்த விஷயம் எளிதாகப் புரியும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி, பிறகு அரைப்பார்கள். ஐரோப்பியர்கள் அங்கே போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இருக்கும் பழக்கம் இது.

இதில் இரண்டு பலன். ஒன்று, மாவு பிசுபிசுப்பாகி, ரொட்டி விரியாமல் தட்ட வரும். இரண்டு, சோளத்தில் உடம்புக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கும் பி3 வைட்டமின் விடுபடும். இந்தச் சுண்ணாம்பு முறையை விட்டுவிட்டு சோளத்தை மட்டும் எடுத்துப்போன இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில், சோளத்தையே முழு நேரச் சாப்பாடாகச் சாப்பிட்ட ஏழைகளுக்கு 'பெலாக்ரா' என்ற பி3 குறைபாட்டு நோய் வந்தது.

சுண்ணாம்பில் வேகாத சோள மாவை மட்டும் பிசைந்தால் உதிரும். அதனால்தான் நம் ஊர் வீட்டுச் செய்முறைகளில் மைதா அல்லது கோதுமை மாவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அதுவும் மொறுமொறுவென்று வரும், ஆனால் ருசி தட்டைக்குப் பக்கத்தில் போய்விடும். இன்னொரு குழப்பமும் உண்டு. மளிகைக் கடையில் 'கார்ன் ஃப்ளோர்' என்று கேட்டால் கிடைப்பது, சூப் கெட்டியாக்கப் போடும் வெள்ளை ஸ்டார்ச். நாச்சோஸுக்கு வேண்டியது மஞ்சள் நிற மக்காச்சோள மாவு.

திருவண்ணாமலையில் எங்கே தேடுவது?

ஊரின் சாப்பாட்டு வரைபடம் மூன்று பகுதியாகப் பிரிந்து கிடக்கிறது.

*செங்கம் சாலை, ரமணாசிரமம் பக்கம்:* ரமணர் 1896-ல் இந்த ஊருக்கு வந்தார். 1934-ல் வெளியான பால் பிரன்டனின் நூல் அவரை மேற்கத்திய வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றிலிருந்து வெளிநாட்டினர் வருகை நிற்கவில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை கூட்டம் அதிகம். அவர்களை நம்பி இயங்கும் கஃபேக்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. சீஸை உருக்கித் தரும் ரகம் கிடைக்க வாய்ப்புள்ள இடம் இது. சீசன் முடிந்தால் சில கடைகள் மூடிக்கிடக்கும், மெனுவும் சுருங்கிவிடும். கோடையில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

*ஊருக்குள் பேக்கரி, ஃபாஸ்ட் ஃபுட் கடைகள்:* இங்கே பாக்கெட் சிப்ஸும் ரெடிமேட் சாஸும்தான் பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். தவறில்லை. ஆனால் அதே பாக்கெட்டின் எம்.ஆர்.பி. என்ன என்று ஒரு பார்வை பார்த்தால், தட்டுக்குக் கேட்கும் விலை நியாயமா என்று புரிந்துவிடும். கொடுக்கும் காசு சிப்ஸுக்கு அல்ல, மேலே விழும் சீஸுக்கும் அப்போதே நறுக்கிய தக்காளி, வெங்காயத்துக்கும்தான்.

*கிரிவலப் பாதை:* 14 கி.மீ. பாதையில் சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, மக்காச்சோளம், மூலிகை சூப் எல்லாம் கிடைக்கும். நாச்சோஸ் தேட இது சரியான இடம் இல்லை. சீஸுக்குக் குளிர்ச்சி வேண்டும், சாஸுக்குச் சூடு வேண்டும். தள்ளுவண்டியில் இரண்டையும் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆர்டர் கொடுக்கும் முன் 5 கேள்விகள்

1. "அண்ணே, சீஸ் உருக்கித் தருவீங்களா, சாஸ் ஊத்தித் தருவீங்களா?" இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

2. "சிப்ஸ் இங்கேயே பொரிச்சதா, பாக்கெட்டா?" பாக்கெட் என்றால் பொருள் பட்டியலைப் பார்க்கலாம். எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். மக்காச்சோளம் முதலில் இருக்க வேண்டும். இங்கேயே பொரித்தது என்றால் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, நுரைத்து, புகைந்தால் நடையைக் கட்டலாம். பொரித்த எண்ணெயில் 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' எனப்படும் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

3. "இது சீஸா, மயோனைஸா?" சில கடைகளில் வெள்ளையாக ஊற்றுவது மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. சால்மொனெல்லா, ஈ-கோலை கிருமிகளால் உணவு நச்சாகும் ஆபத்துதான் காரணம்.

4. "தக்காளி, வெங்காயம் எப்போ நறுக்கினது?" நறுக்கிய தக்காளி வெயிலில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். குளிர்ந்தது குளிர்ச்சியாகவும், சூடானது கை பொறுக்காத சூட்டிலும் இருக்க வேண்டும்.

5. "பார்சலுக்கு சாஸ் தனியா கிடைக்குமா?" சிப்ஸ் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினால் லாட்ஜ் ரூம் போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும்.

கடையில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும். தள்ளுவண்டிக் கடைகளுக்கும் பதிவு கட்டாயம்.

சைவம்தானா?

கோயிலுக்கு வந்தவர்கள் அதிகம் தயங்குவது இங்கேதான். பாலைத் திரட்டி சீஸாக்க 'ரென்னெட்' என்ற நொதி தேவை. பாரம்பரிய ஐரோப்பிய முறையில் அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது நுண்ணுயிரிகளில் இருந்தும் எடுக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கு ரென்னெட் இல்லை என்று அர்த்தம். கடைக்காரரிடம் "பாக்கெட்டைக் காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விரதம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பாக்கெட் சிப்ஸின் மசாலாவிலும் சீஸ் சாஸிலும் வெங்காயத் தூள், பூண்டுத் தூள் இருப்பது சகஜம். பச்சைப் புள்ளி அதைச் சொல்லாது, பொருள் பட்டியல்தான் சொல்லும்.

அதேபோல, பாலுக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த 'சீஸ் மாதிரி' பொருளைச் சீஸ் என்ற பெயரில் பாக்கெட்டில் விற்க விதி அனுமதிக்காது. 'அனலாக்' என்று குறிப்பிட்டிருக்கும். தட்டில் விழுந்த பிறகு கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், சந்தேகம் இருந்தால் இதற்கும் பாக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பௌர்ணமி அன்று வேண்டாமே

பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் ஊரே நிரம்பி வழியும். கூட்டம் அதிகம் என்றால் கடையில் சரக்கு சீக்கிரம் தீரும், அது நல்லதுதானே என்று தோன்றலாம். இட்லிக்கு அது சரி. சாஸ் விஷயத்தில் அப்படி இல்லை. பெரிய பாத்திரத்தில் மொத்தமாகச் சூடாக்கி, பிறகு ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாக வைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். வெறுங்காலோடு 14 கி.மீ. நடக்கிற குழந்தைக்கு நடுவழியில் வயிறு கெட்டால் நிலைமை சிக்கல். அன்றைக்கு வேகவைத்த சோளமும் கடலையுமே உத்தமம். நாச்சோஸை மறுநாள், கூட்டம் கலைந்த பிறகு சாவகாசமாகச் சாப்பிடலாம்.

கிடைக்கவில்லை என்றால்?

அதே வேலையைச் செய்யும் நம் ஊர்ப் பதார்த்தம் ஒன்று இருக்கிறது: சேலத்துத் தட்டுவடை செட். மொறுமொறுப்பான தட்டை, மேலே பச்சை, சிவப்புச் சட்னிகள், துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதற்கு மேல் இன்னொரு தட்டை. மொறுமொறு, காரம், புளிப்பு, ஈரம் என நாச்சோஸுக்கு உரிய நான்கும் ஒரே வாயில் வந்துவிடும். சீஸ் மட்டும்தான் குறை. செட்டை ஆர்டர் கொடுத்த பிறகுதான் கண் முன்னால் அடுக்குவார்கள் என்பதால், நமத்துப்போகும் பிரச்சினையும் கிடையாது. மசாலா பொரி, மசாலா அப்பளமும் இதே குடும்பம்தான்.

'வெளிநாட்டுச் சாப்பாடு நமக்கு எதுக்கு' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால் அதற்கும் பதில் உண்டு. நாச்சோஸில் உள்ள மக்காச்சோளம், தக்காளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தட்டுவடைச் சட்னியில் விழும் மிளகாயும் அப்படித்தான். திருவண்ணாமலை மாவட்டம் பெயர் பெற்ற நிலக்கடலையின் பூர்வீகமும் தென் அமெரிக்காதான்.

சுருக்கமாக

* சீஸ் உருக்கித் தரும் ரகம் வேண்டுமா? செங்கம் சாலை கஃபேக்களில், அக்டோபர்–மார்ச் சீசனில் தேடலாம்.
* சாஸ் ரகம் போதுமா? ஊருக்குள் உள்ள கடைகளில், பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, சாஸைத் தனியாக வாங்கலாம்.
* சைவம், விரதம் என்றால் பச்சைப் புள்ளி, பொருள் பட்டியல் இரண்டையும் பார்க்க வேண்டும்.
* தட்டு வந்ததும் முதல் வேலை சாப்பிடுவது. போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அடியில் இருக்கும் சிப்ஸ் நமத்துவிடும்.