பொம்மைப் படம் பார்த்து ஸ்பானிய மொழி கற்றோம்

பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் பெண்கள் ஐந்து பேர் கூடத்துத் தரையில் வரிசையாக உட்கார்ந்து, நீலச் சட்டை போட்ட ஒரு குட்டிப் பையனும் மஞ்சள் வாத்தும் வருகிற பொம்மைப் படத்தை ஒரே நாளில் நான்காம் முறையாகப் பார்த்துக் கொண்டிருந்தால், வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? சென்ற கோடை விடுமுறையில் எங்களுக்குக் கிடைத்த வசவுகளை எல்லாம் இங்கே எழுதினால் மலரில் இடம் போதாது. "பால்குடி மாறாத பிள்ளைகளா நீங்கள்?" என்பது அவற்றுள் மிக மென்மையானது. ஆனால் நாங்கள் பொழுது போக்கவில்லை, படித்துக் கொண்டிருந்தோம். எங்கள் பாடம் ஸ்பானிய மொழி.

ஸ்பானிய மொழி எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தோழி ஒருத்தியின் தாய்மாமா ஸ்பெயின் நாட்டுத் தலைநகரான மாட்ரிடில் வேலை பார்க்கிறார். அத்தை அந்நாட்டவர். அவர்களுடைய மகனுக்கு இப்போது ஆறு வயது. அவனுக்குத் தெரிந்த மொழி ஸ்பானியம் ஒன்றே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் ஆச்சி வீட்டுக்கு வந்திருந்தபோது, மாமா வேலையாக மதுரைக்குப் போன ஓர் இரவில், விடிய விடிய அழுதிருக்கிறான். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். ஆச்சி பால் கொடுத்தார், விசிறிவிட்டார், திருஷ்டி கழித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. காலையில் மாமா வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது, பிள்ளைக்குக் காது வலி என்று. "பேரன் வாய்விட்டுச் சொன்னான், எனக்குத்தான் விளங்காமற் போயிற்று" என்று ஆச்சி இன்றளவும் சொல்லி வருந்துகிறார். இந்த ஆண்டு ஜூலையில் அவன் மூன்று வாரம் தங்க வருகிறான் என்று தெரிந்ததும், எங்கள் தோழி ஸ்பானியம் கற்பதென்று முடிவு செய்தாள். தனியாகக் கற்க அவளுக்கு அலுப்பாக இருந்ததால் எங்களையும் இழுத்துக் கொண்டாள்.

ஸ்பானியம் சிறிய மொழியன்று. 20 நாடுகளில் ஆட்சிமொழி. 45 கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தாய்மொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று. கற்பிக்கப் புத்தகங்களும் நிறைய உண்டு. நாங்களும் முதலில் ஒரு இலக்கணப் புத்தகத்தைத்தான் எடுத்தோம். பத்து நாளில் வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் செய்து ஒப்புவித்தோம். பிறகு ஸ்பானியச் செய்தி ஒன்றைக் கேட்டால், தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இருந்தது. ஒரு சொல்லைக்கூடப் பிரித்தெடுக்க முடியவில்லை. அப்போதுதான், அந்த ஊர்க் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்களோ அப்படியே நாமும் கற்றால் என்ன என்று தோன்றியது.

பெரியவர்களின் பேச்சில் கண் முன்னே இல்லாதவையே அதிகம். நேற்று நடந்தது, நாளை நடக்கப் போவது, விலைவாசி, அரசியல். பொம்மைப் படத்திலோ கண்ணுக்குத் தெரிவதையே பேசுகிறார்கள். பந்து உருளும்போது "பந்து" என்கிறார்கள். அது காணாமற் போனால் "பந்து எங்கே?" என்கிறார்கள். சொல்லும் பொருளும் ஒரே நொடியில் வருவதால் நடுவே அகராதி தேவைப்படுவதில்லை. மொழியை இலக்கண விதிகளால் கற்பதைவிட, விளங்கும்படியான பேச்சை நிறையக் கேட்பதாலேயே பெறுகிறோம் என்று ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் 1980களில் எழுதினார். அவர் சொன்னதை எல்லா அறிஞர்களும் ஏற்பதில்லை. எங்கள் அனுபவத்தில் பாதி சரி. மறுபாதியைப் பின்னால் சொல்கிறோம்.

எந்தப் படத்தைப் பார்ப்பது என்பதில் நாங்கள் முதலில் ஏமாந்தோம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'டோரா' என்ற தொடர் ஸ்பானியம் கற்பிப்பது என்று கேள்விப்பட்டிருந்தோம். ஸ்பானிய மொழிப் பதிப்பையே தேடிப் பிடித்துப் பார்த்தால், டோரா ஆங்கிலம் கற்றுக் கொடுக்கிறாள்! ஆங்கிலக் குழந்தைகளுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்பித்தவள், ஸ்பானியக் குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கிறாள். நியாயந்தானே? சிரித்துவிட்டு வேறு படம் தேடினோம்.

எங்களுக்கு வாய்த்தது 'போகோயோ'. ஸ்பெயினிலேயே உருவாகி 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தொடர். ஒவ்வொரு கதையும் ஏழு நிமிடம். இதில் பின்னணிக் காட்சியே கிடையாது. மரம், வீடு, தெரு ஒன்றும் இல்லை. வெள்ளைத் திரைதான். அதன் மேல் போகோயோ, வாத்து, யானை, அவர்கள் கையில் ஒரு குடையோ பந்தோ. ஆகவே எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற ஐயமே எழுவதில்லை. கதை சொல்பவர் திரையில் தோன்றாமல் தாத்தாவைப்போல நிதானமாகப் பேசுகிறார், கேள்வி கேட்கிறார். குழந்தைகள் கூட்டமாகப் பதில் சொல்கிறார்கள். வாத்தின் பெயரே 'பாத்தோ'. அந்தச் சொல்லுக்கு வாத்து என்றுதான் பொருள். தொடரின் பெயர் வந்த விதமும் அழகு. படைத்தவர்களுள் ஒருவரின் சிறு மகள் இரவு ஜெபத்தில் 'என்னைப்போல்' என்று பொருள்படும் 'கோமோ யோ' என்பதை மழலையில் 'போகோ யோ' என்று சொன்னாளாம். அதுவே நிலைத்துவிட்டது.

நாங்கள் பார்த்த முறையைக் கேளுங்கள். காலையில் ஒரு கதையை எழுத்து ஏதும் இல்லாமல் பார்ப்போம். விளங்கியதை ஆளுக்கு ஒரு வரி தமிழில் சொல்லுவோம். சண்டை வரும். இரண்டாம் முறை, அடியில் ஸ்பானிய எழுத்து ஓடவிட்டுப் பார்ப்போம். ஆங்கில எழுத்தை ஓடவிட்டால் கண் அதையே படிக்கிறது, காது தூங்கிவிடுகிறது. ஒரு வாரத்தை அப்படி வீணாக்கிய பிறகே இதைக் கண்டுபிடித்தோம். மூன்றாம் முறை ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தி உடன் சொல்லுவோம். மாலையில் மறுபடியும் சும்மா பார்ப்போம். ஒரு கதை முழுக்க விளங்கும் வரை அடுத்ததற்குப் போவதில்லை. ஒரு மாதம் கழித்து, சற்றே வேகமாகப் பேசும் 'பெப்பா பிக்' தொடரின் ஸ்பானியப் பதிப்புக்கு மாறினோம். அது இங்கிலாந்தில் 2004இல் தொடங்கிய தொடர். அந்தப் பன்றிக்குட்டிகள் குதிக்கும் சேற்றுக் குட்டைகளின் பெயர் 'சார்கோஸ்'. அதை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். 'பார்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'மீரா'. நிமிடத்துக்கு ஒரு முறை வரும். மீரா என்று பெயருள்ள யாராவது பார்த்தால் தம்மையே கூப்பிடுகிறார்கள் என்று எண்ணுவார்கள்.

தமிழ் பேசும் நமக்கு ஸ்பானியத்தில் சில சலுகைகள் உண்டு. ஆங்கிலேயர் தடுமாறும் 'த' ஓசை நமக்குப் பிறவியிலேயே உண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. ரகரத்தை உருட்டிப் 'பெறோ' என்றால் 'நாய்'. தமிழம்மா 'அரம்', 'அறம்' என்று பிரித்துச் சொல்ல வைத்தபோதெல்லாம் முணுமுணுத்தோமே, அது இங்கே உதவியது. 'வந்தேன்' என்றாலே வந்தது நான்தான் என்று தெரிவதுபோல, அங்கும் வினையின் ஈறு ஆளைக் காட்டுவதால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'நீ', 'நீங்கள்' என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. எல்லாவற்றிலும் வியப்பு, 'எனக்குப் பிடிக்கும்' என்பது. ஆங்கிலத்தில் 'நான் விரும்புகிறேன்' என்ற அமைப்பு. ஸ்பானியத்தில் 'மே குஸ்தா'. நம்மைப்போலவே 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறது. அவ்வாறே 'மே துவேலே' என்றால் 'எனக்கு வலிக்கிறது'. எங்கள் தோழி தன் நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் எழுதிக் கொண்ட சொற்கள் இவையே. ஆச்சி வீட்டில் அந்த இரவு முழுவதும் ஒலித்ததும் இவையே.

நமக்குத் தெரிந்த பழைய முகங்களும் அங்கே இருக்கின்றன. மேசை அவர்களுக்கு 'மேசா'. அலமாரி 'அர்மாரியோ'. இலங்கைத் தமிழர் சப்பாத்து என்று சொல்லும் காலணியைத் தென்னமெரிக்காவில் 'சபாத்தோ' என்கிறார்கள். இவை போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் லத்தீன் பெற்ற அக்காள் தங்கைகள் அல்லவா?

நிற்க. மறுபாதியைச் சொல்வதாக வாக்களித்தோம். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எங்கள் நோட்டில் 312 சொற்கள் இருந்தன. கேட்டால் விளங்கியது. ஆனால் வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. திரை நம்மிடம் பேசுகிறதே ஒழிய நாம் சொல்வதைக் கேட்பதில்லை. 2003இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் என்ற விஞ்ஞானி வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரிடம் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்களைத் திரையில் காட்டினார்கள். நேரில் பழகிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை. நாங்கள் கைக்குழந்தைகள் அல்ல, ஆகவே கொஞ்சம் கற்றோம். ஆனாலும் எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பது உண்மை.

அந்த ஆள் ஜூலை மாதம் வந்தான். மாமா மூன்று நாள் இருந்துவிட்டு மதுரைக்குப் போனார். நாங்கள் ஐவரும் சனிக்கிழமை போய் நின்று, மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னோம். அவன் கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டு, அன்று இரவு தொலைபேசியில் தன் தாயாரிடம், "இந்த அக்காமார் எல்லாரும் போகோயோ கதை சொல்பவரைப்போல் ஏன் பேசுகிறார்கள்?" என்று கேட்டானாம். அத்தை எங்களிடம் பேசி முடித்ததும் நாங்கள் "மூய் பியென்!" என்றோம். அது சோறு மிச்சம் வைக்காத குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற "பேஷ், பேஷ்!" மாதிரி. பெரியவர்களிடம் பேசும் பேச்சை எங்கே கற்றோம்? அத்தை நல்லவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

படம் கற்பிக்காததைச் சோற்றுத் தட்டு கற்பித்தது. ஆச்சி எதைப் பரிமாறினாலும் அவன் "பிக்கா?" என்றான். எங்கள் 312 சொற்களில் அது இல்லை. போகோயோ வத்தக்குழம்பு சாப்பிடுவதில்லையே! ஒரு நாள் மிளகாயைக் காட்டி, நாக்கை நீட்டி, கையால் விசிறிக் காட்டினான். 'உறைக்குமா?' என்று கேட்டிருக்கிறான் பாவம். எங்களுக்கு முன்பாக ஆச்சிக்கு அது பிடிபட்டுவிட்டது. அடுத்த வேளையிலிருந்து "நோ பிக்கா, நோ பிக்கா, சாப்பிடு ராசா" என்று தயிர்ச் சோற்றைப் பிசைந்து ஊட்டத் தொடங்கிவிட்டார். பொம்மைப் படம் ஒன்றுகூடப் பார்க்காமல் ஆச்சி கற்ற முதல் ஸ்பானிய வாக்கியம் அது.

இரண்டாம் வாரம் முற்றத்தில் ஓடி விழுந்து, முழங்காலைப் பிடித்துக் கொண்டு "மே துவேலே!" என்று அலறினான். எங்கள் தோழி அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள், ஆச்சியே "வலிக்குதுன்னு சொல்லுதான்" என்று தேங்காய் எண்ணெயோடு போய் உட்கார்ந்துவிட்டார். நோட்டின் முதல் வரியை அவள் ஆச்சிக்கும் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இப்போது மாட்ரிடிலிருந்து புதிய கோரிக்கை வந்திருக்கிறது. ஆச்சியிடம் பேசுவதற்கு அவனுக்குத் தமிழ்ப் பொம்மைப் படம் வேண்டுமாம். தேடிப் பார்த்தோம். கிடைத்தவற்றில் எல்லாரும் அவசர அவசரமாகப் பேசுகிறார்கள். ஆகவே வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, அதற்கு முன்னால் பொருளைப் பிடித்துக் கொண்டு நாங்களே நிதானமாகப் பேசிப் படம் எடுத்து அனுப்புகிறோம். முதல் படம் 'மாங்காய்'. இரண்டாவது 'காது'. மூன்றாவதற்கு ஆச்சியே நடிப்பதாக ஒப்புக் கொண்டிருக்கிறார். எங்கள் அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.